ஒன்பது சொல்லுக்கு ஒரே 'தடை'யா?

எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

உங்கள் கையில் இருக்கும் ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் நோட்டு எனக்கு நன்றாகத் தெரியும். அதில் இங்கிலீஷ் பகுதியைத் திறந்தால், 'சினானிம்ஸ்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரு பட்டியல் இருக்கும். அப்ஸ்டகிள், ஹர்டில், இம்பெடிமென்ட், ஸ்னாக், பாட்டில்நெக், லாக்ஜாம், டெட்லாக், ஸ்டேல்மேட், ஸ்டம்ப்ளிங் பிளாக். ஒன்பதுக்கும் எதிரே ஒரே சொல்: தடை. கொஞ்சம் தாராளமான கைடாக இருந்தால் 'இடையூறு', 'முட்டுக்கட்டை' என்று இன்னும் இரண்டு சேர்த்திருப்பார்கள். நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துவிடுவீர்கள்.

தேர்வில் என்ன நடக்கிறது? க்ளோஸ் டெஸ்ட் வருகிறது. சம்பளப் பேச்சுவார்த்தை, யாரும் விட்டுக்கொடுக்காததால், மூன்றாவது நாளும் கோடிட்ட இடத்தில் முடிந்தது என்று வாக்கியம். கீழே பாட்டில்நெக், ஹர்டில், டெட்லாக், ஸ்னாக் என்று நான்கு விடைகள். நான்குக்கும் நீங்கள் படித்த பொருள் ஒன்றுதான். அப்புறம் சாட் பூட் த்ரீ போட வேண்டியதுதான். வங்கித் தேர்வில் தப்பான விடைக்குக் கால் மார்க் போகும், சி.ஜி.எல். முதல் கட்டத்தில் அரை மார்க்.

மாலை நேரங்களில் உங்களைப் போன்றவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு எடுப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். இதில் இருக்கும் சொற்களில் பெரும்பாலானவை ஏதோ ஓர் ஆற்றிலோ வயலிலோ ஆபீஸிலோ மேடையிலோ பிறந்தவை. எந்த இடத்தில் எது எப்படி அடைத்துக்கொண்டது என்று தெரிந்துவிட்டால், அந்தச் சொல்லோடு எந்த வினைச்சொல் சேரும் என்பதும் தானாகத் தெரிந்துவிடும். தேர்வில் உங்களைக் கவிழ்ப்பது பெயர்ச்சொல் அல்ல, பெரும்பாலும் அதோடு வரும் வினைச்சொல்தான்.

ஸ்னாக்கிலிருந்து தொடங்குகிறேன். கைடுகள் அதிகம் கெடுத்து வைத்திருப்பது அதைத்தான்.

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதி, நீராவிப் படகுகள் ஓடிய காலம். வெள்ளம் கரையை அரிக்க அரிக்க, கரையோர மரங்கள் வேரோடு ஆற்றுக்குள் சாயும். மண் ஒட்டிய வேர்ப்பகுதி கனமானது என்பதால் அது அடியில் போய்ச் சேற்றில் புதைந்துகொள்ளும். கிளைகள் ஒடிந்துபோன நுனி, நீரோட்டம் போகும் திசையில் சாய்ந்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆற்றை எதிர்த்து வரும் படகு, பலகையால் ஆன தன் அடிவயிற்றை நேராக அதில் கொண்டுபோய்க் குத்திக்கொள்ளும். இப்படி மூழ்கிய படகுகள் ஏராளம். இந்த மரத்துக்குத்தான் ஸ்னாக் என்று பெயர். படகோட்டிகள் அதிலும் வகை பிரித்தார்கள். அசையாமல் புதைந்து நிற்பது பிளான்டர். நீரோட்டத்தில் மேலே எழும்பி, கீழே போய், மறுபடி எழும்புவது சாயர், அதாவது மரம் அறுப்பவன். ரம்பம் இழுப்பவனின் உடம்பு ஏறி இறங்குவதைப் பார்த்து வைத்த பெயர். மார்க் ட்வைன் 1859இல் பைலட் உரிமம் வாங்கிப் படகு ஓட்டியது இந்த ஆற்றில்தான்.

ஹென்றி ஷ்ரீவ் என்பவர் 1829இல் ஹீலியோபோலிஸ் என்ற படகைக் கட்டினார். இரண்டு படகுகளை அக்கம்பக்கமாகச் சேர்த்து, முன்னால் இரும்புத் தகடு பொதிந்த உத்திரம் ஒன்றைப் பொருத்தியிருந்தார். முழு வேகத்தில் போய் ஸ்னாக்கை மோதி அசைப்பது, பிறகு சங்கிலி போட்டுத் தூக்குவது, மேலேயே வைத்து அறுப்பது. அரசாங்கச் செலவில் ஓடிய இந்த வகைப் படகுகளுக்கு ஜனங்கள் 'அங்கிள் சாமின் பல் பிடுங்கி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

இப்போது பாருங்கள். இங்கிலீஷில் ஸ்னாக்கோடு ஏன் 'ஹிட்' வருகிறது? படகு போய் மோதியதால். எப்போது ஸ்னாக் என்று சொல்லலாம்? காரியம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, யாரும் எதிர்பார்க்காத ஒன்று கீழேயிருந்து குத்தினால். பிடுங்கிப் போட்டுவிட்டு மேலே போய்விடலாம் என்றால். ஆரம்பத்திலேயே கண்ணுக்குத் தெரிந்த பெரிய மலையை ஸ்னாக் என்று சொல்ல முடியாது. ஆணியில் மாட்டிச் சேலை நூல் இழுபடுவதையும் ஸ்னாக் என்பார்கள். அதுவும் இதே குணம்தான்.

லாக்ஜாம் பக்கத்து வீட்டுக்காரன். இதுவும் ஆறு, இதுவும் மரம்தான். ஆனால் இங்கே ஒரு மரம் இல்லை, ஓராயிரம் மரம். ஷ்ரீவே இதற்கும் சாட்சி. லூயிசியானாவில் ரெட் ரிவர் என்ற ஆற்றில், மிதந்து வந்த மரங்கள் காலங்காலமாக ஒன்றின் மேல் ஒன்று சிக்கி, நூறு மைலுக்கும் மேல் ஆற்றை அடைத்துக் கிடந்தன. கிரேட் ராஃப்ட் என்று பெயர். 1833இல் ஆரம்பித்து 1838 வரை போராடி அவர் வழி திறந்தார். அங்கே எழுந்த ஷ்ரீவ்போர்ட் நகரம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. அவர் போன பின்பு மரங்கள் மறுபடி அடைத்துக்கொண்டன. 1873இல் நைட்ரோகிளிசரின் வைத்துத் தகர்த்த பிறகுதான் ஆறு ஒரு வழியாகத் திறந்தது.

சொல் அன்றாடப் பேச்சுக்கு வந்தது வடக்கே, மெய்ன், மிச்சிகன், விஸ்கான்சின் பக்கத்து மரவெட்டிகளால். பனிக்காலம் முழுக்க வெட்டிய மரங்களை, வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது தண்ணீரில் தள்ளிவிடுவார்கள். அவை கீழே இருக்கும் மர அறுவை ஆலைக்கு மிதந்து போக வேண்டும். வளைவிலோ பாறையிலோ ஒரு மரம் குறுக்கே மாட்டினால் போதும், பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் ஏறிக் குவியும். அனுபவசாலிகள் குவியலைச் சுற்றி நடந்து, எந்த ஒரு கட்டையை எடுத்தால் மொத்தமும் அவிழும் என்று தேடுவார்கள். அதற்குக் 'கீ லாக்' என்று பெயர், சாவிக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கியும் முனையும் கொண்ட பீவி என்ற நெம்புதடியால் அதை அசைத்துவிட்டு, அசைத்தவன் உருளும் மரங்களின்மேல் தாவிக் கரைக்கு ஓடித் தப்பிக்க வேண்டும். தப்பாதவர்களும் உண்டு.

ஆகவே லாக்ஜாமில் வில்லன் கிடையாது. ஒவ்வொரு கட்டையும் தன் வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நீதிமன்றத்தில் வழக்குகள் தேங்கிக் கிடப்பதை லாக்ஜாம் என்று எழுதினால் பொருந்தும். வினைச்சொல் 'பிரேக்'. எங்கோ ஒரு சாவிக்கட்டை இருக்கிறது என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

டெட்லாக்கில் அது கிடையாது. மேலே சொன்ன க்ளோஸ் டெஸ்டுக்கு விடை இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பயன்பாடு ஷெரிடனின் 'தி கிரிட்டிக்' என்ற நாடகத்தில், 1779. நாடகத்துக்குள் ஒரு மட்டமான சோக நாடகத்துக்கு ஒத்திகை நடக்கிறது. காதல் தோல்வியில் இரண்டு பெண்கள் குறுவாளை உருவிக் காதலனைக் குத்தப் பாய்கிறார்கள். அவர்களுடைய மாமன்கள் இரண்டு பேர் ஓடிவந்து அந்தப் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கள் வாளைக் காதலனை நோக்கி நீட்டுகிறார்கள். காதலன் இரண்டு குறுவாளை எடுத்து இரண்டு பெண்களின் நெஞ்சிலும் வைக்கிறான். அப்படியே ஐந்து பேரும் சிலையாக நிற்கிறார்கள். யார் முதலில் கையை எடுத்தாலும் அவருக்கு ஆபத்து. இதை எழுதிய ஆசாமி, எப்படி மாட்டிவிட்டேன் பார்த்தீர்களா என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் இடத்தில்தான் அந்தச் சொல் வருகிறது. முடிச்சு எப்படி அவிழ்கிறது? அரண்மனைக் காவலன் ஒருவன் வந்து, ராணியின் பெயரால் எல்லோரும் ஆயுதத்தைக் கீழே போடுங்கள் என்கிறான். போட்டுவிடுகிறார்கள். கேலிக்காக எழுதிய காட்சி; ஆனால் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையில் லேபர் கமிஷனர் வந்து உட்காருவதும் இதுதானே? உங்களில் பல பேர் இன்ஜினியரிங் முடித்தவர்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் வந்த டெட்லாக்கை நினைத்துப் பாருங்கள். ஒன்று பிடித்து வைத்திருப்பதை மற்றது கேட்கும், இரண்டும் விடாது. அதே மாமன்கள், அதே குறுவாள்.

ஸ்டேல்மேட்டை இதோடு குழப்பாதீர்கள். அது சதுரங்கம். ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் நகர்த்த ஒரு கட்டமும் இல்லை, வேறு காயும் நகராது. ஆட்டம் அங்கேயே முடிந்து டிரா ஆகிவிடும். ஜெயிக்க வேண்டியவன் ஜெயிக்க முடியாமல் போகும் எரிச்சல் அதில் உண்டு. பல மாதம் நகராமல் கிடக்கும் போர்முனைக்கு அதைப் போடுவது அதனால்தான்.

பட்டியலில் இல்லாவிட்டாலும் டெட்லாக்கின் உறவுக்காரனான கிரிட்லாக்குக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நியூயார்க்கில் 1980ஆம் ஆண்டு பஸ், ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சாம் ஷ்வார்ட்ஸ் என்ற போக்குவரத்து இன்ஜினியர் இதை ஊரறியச் செய்தார். கட்டம் கட்டமான தெருக்களில் ஒரு சந்திப்பு அடைத்தால் அடுத்தது, அதனால் அதற்கடுத்தது என்று சுற்றிவந்து முதல் சந்திப்பிலேயே முட்டும். வெறும் டிராஃபிக் ஜாமை கிரிட்லாக் என்று எழுதுவது பத்திரிகைக்காரர்கள் செய்யும் மிகை.

பாட்டில்நெக்கில் எதுவும் நின்றுபோவதில்லை, ஓட்டம் குறைகிறது, அவ்வளவுதான். நான்கு வரிசையில் வந்த வண்டிகள் ஒரு குறுகலான பாலத்தில் இரண்டு வரிசையாக ஒடுங்குவது பாட்டில்நெக். பாலத்துக்கு முன்னால் சாலையை எட்டு வரிசையாக அகலப்படுத்தினாலும் பைசா பிரயோஜனமில்லை. தொழிற்சாலையிலும் இதே கணக்கு. மொத்த உற்பத்தியின் வேகத்தைத் தீர்மானிப்பது மிக மெதுவான அந்த ஒரு மெஷின்தான். எலியாஹு கோல்ட்ராட் என்பவர் இந்த ஒரு விஷயத்தை வைத்தே 1984இல் 'தி கோல்' என்று ஒரு நாவல் எழுதினார், எம்.பி.ஏ. மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். வினைச்சொல் 'ஈஸ்', அல்லது 'ரிமூவ்'. பேச்சுவார்த்தை பாட்டில்நெக்கில் முடிந்தது என்று எழுதக் கூடாது என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஹர்டில் என்பது இங்கிலாந்து ஆட்டிடையர்களின் தட்டி. ஹேசல் குச்சியையோ வில்லோ குச்சியையோ பின்னிச் செய்து, வேண்டிய இடத்தில் நட்டுக் கிடை போடுவார்கள். அதைத் தாண்டி ஓடுவது பந்தயமானது. ஓட்டக்காரருக்கு ஹர்டில் எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எவ்வளவு உயரம் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். ஆண்களுக்கான 110 மீட்டர் ஓட்டத்தில் பத்துத் தடைகள், ஒவ்வொன்றும் 106.7 சென்டிமீட்டர். எல்லா லேனிலும் ஒரே அளவு. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தை விட்டார். ஒரு ஹர்டிலும் அவரைத் தடுக்கவில்லை. பிரிலிம்ஸ், மெயின்ஸ், இன்டர்வியூ என்று நீங்கள் வரிசையாகப் பார்க்கப்போவதெல்லாம் ஹர்டில். தாண்டுவதற்கென்றே வைத்தது. வினைச்சொல் 'கிளியர்'. பிரிலிம்ஸ் கிளியர் பண்ணிட்டியா என்று நாம் தமிழிலேயே கேட்பதில்லையா?

ஸ்டம்ப்ளிங் பிளாக் தாண்டுவதற்காக வைத்ததல்ல, இடறி விழுவதற்காகக் கிடப்பது. வில்லியம் டிண்டேல் 1526இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பில் வருகிறது. அங்கே கிரேக்க மூலத்தில் இருந்த சொற்களில் ஒன்று ஸ்காண்டலன். அதிலிருந்துதான் ஸ்காண்டல் என்ற இன்னொரு சொல்லும் பிறந்தது. ஒரு ஒப்பந்தத்தில் மற்றதெல்லாம் ஒத்துப்போய், ஒரே ஒரு ஷரத்தில் மட்டும் காரியம் கவிழ்ந்தால், அந்த ஷரத்து ஸ்டம்ப்ளிங் பிளாக். இம்பெடிமென்ட் லத்தீனிலிருந்து வருவது, உள்ளே கால் என்று பொருள்படும் சொல் இருக்கிறது, காலைக் கட்டுவது. ரோமானியப் படையின் மூட்டை முடிச்சுகளுக்கு அவர்கள் வைத்த பெயர் இம்பெடிமென்டா. வெளியே கிடப்பதல்ல, கூடவே சுமந்து போவது என்பதால்தான் திக்குவாயை ஸ்பீச் இம்பெடிமென்ட் என்கிறார்கள். ஸ்பீச் ஹர்டில் என்று யாரும் சொல்வதில்லை. அப்ஸ்டகிள் பொதுச்சொல்; குறுக்கே நிற்பது எதுவானாலும் சரி. வேறு எதுவும் பொருந்தாதபோது அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் இல்லாத இன்னொன்றுக்கும் நீங்கள் தயாராக வேண்டும். ரெட் டேப். அரசு வேலைக்குப் போகப்போகிறவர்கள், இதைத் தெரியாமல் போகலாமா? சிவப்பு நாடா என்று நம் பத்திரிகைகள் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டன. பிரிட்டனில் சட்ட ஆவணங்களையும் அரசுக் காகிதங்களையும் சிவப்புத் துணி நாடாவால் கட்டுவது பழைய வழக்கம். லண்டன் வக்கீல்கள் இன்றும் கேஸ் கட்டை வெளிர் சிவப்பு நாடாவால்தான் கட்டுகிறார்கள். அரசுத் தரப்புக் கட்டுக்கு வெள்ளை நாடா. காகிதம் சிதறாமல் இருக்கத்தான் நாடா. நம் அலுவலகங்களில் காகிதத்தைக் கோக்கும் டேக் போல, அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கார்லைலும் டிக்கன்ஸும் அதைப் பிடித்து வசவாக மாற்றினார்கள். டிக்கன்ஸ் 1855 முதல் 1857 வரை தொடராக எழுதிய 'லிட்டில் டோரிட்' நாவலில் சர்க்கம்லொக்யூஷன் ஆபீஸ் என்று ஒரு இலாகாவே வருகிறது. எதையும் எப்படிச் செய்யாமல் இருப்பது என்பதுதான் அதன் முழுநேர வேலை. கிரைமியா போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு உடுப்பும் உணவும் போய்ச் சேராமல் நிர்வாகம் சொதப்பிய நேரம் அது. வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ரெட் டேப்பில் தேர்வுக்கு இரண்டு விஷயம். ஒன்று, அது எண்ண முடியாத பெயர்ச்சொல். முன்னால் 'எ' போடக் கூடாது, பின்னால் 'எஸ்' போடக் கூடாது. பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் இதை வைப்பார்கள். நாடா என்பதால் வினைச்சொல் 'கட்'. இரண்டாவது, லஞ்சம் ரெட் டேப் ஆகாது. விதிப்படி எல்லாவற்றையும் செய்து, செய்ததாலேயே காரியம் நடக்காமல் போனால்தான் ரெட் டேப்.

இந்த இடத்தில் நம் முட்டுக்கட்டையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கைடுக்காரர்கள் அதைத்தான் எல்லாவற்றுக்கும் எதிரே ஒட்டுகிறார்கள். திருவாரூர் ஆழித்தேரையோ உங்கள் ஊர்த் தேரையோ பாருங்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில், வடம் பிடிப்பவர்களின் சத்தத்துக்கு நடுவே, ஆப்பு வடிவக் கட்டையோடு சிலர் ஓடிக்கொண்டிருப்பார்கள். தேர் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனால் அந்தச் சக்கரத்தின் அடியில் கட்டையைப் போடுவார்கள். தெருமுனையில் திரும்ப வேண்டுமென்றாலும் ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை. அவர்கள் இல்லாமல் தேர் நிலைக்கு வராது. ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணைக்குள் போய்விடும். கை ஒரு நொடி தாமதித்தால் நசுங்கும் வேலை. இவ்வளவு நல்ல வேலை செய்யும் கட்டையை, காரியத்தைக் கெடுப்பதற்கு அடையாளமாக நாம் மாற்றிவிட்டோம். இங்கிலீஷில் சக்கரத்தில் ஸ்போக் சொருகுவது என்ற மரபுத்தொடரும் இதே ரகம். ஆரம் இருந்தால் சக்கரம் நன்றாகத்தானே ஓடும் என்று குழம்பாதீர்கள். அங்கே ஸ்போக் என்பது சக்கரத்தை நிறுத்தக் குறுக்கே விடும் தடி.

தமிழிலும் வினைச்சொல் கறாராகத்தான் இருக்கிறது, கவனியுங்கள். முட்டுக்கட்டையைப் 'போடு'வோம். காலை 'வாரு'வோம். குழி 'பறி'ப்போம். மாற்றிச் சொன்னால் உங்கள் பாட்டியே திருத்துவார். அதே காது இங்கிலீஷுக்கும் வேண்டும்.

ஸ்டைமி என்று ஒரு வினைச்சொல் செய்தித்தாளில் அடிக்கடி வரும், பெரும்பாலும் செயப்பாட்டு வினையில். கோல்ஃபிலிருந்து வந்தது. குழிக்கும் உங்கள் பந்துக்கும் நடுவில் எதிராளியின் பந்து கிடந்தால், இரண்டு பந்தும் ஆறு அங்குலத்துக்குள் இருந்தாலொழிய அதை எடுக்கச் சொல்ல முடியாது. மேலே தூக்கி அடியுங்கள், அல்லது சுற்றி அடியுங்கள். அதுதான் ஸ்டைமி. பாபி ஜோன்ஸ் நான்கு பெரிய பட்டங்களையும் அள்ளிய 1930ஆம் ஆண்டில், செயின்ட் ஆண்ட்ரூஸில் சிரில் டாலியோடு நடந்த ஆட்டம் பத்தொன்பதாவது குழி வரை போய், ஒரு ஸ்டைமியில்தான் தீர்ந்தது. 1952இல் விதியையே எடுத்துவிட்டார்கள். மைதானத்தில் செத்துப்போன விதி, நீதிமன்றச் செய்திகளிலும் தேர்தல் செய்திகளிலும் தினமும் உயிரோடு இருக்கிறது.

கேட்ச்-22 எல்லோருக்கும் பிடித்தது, எல்லோரும் தப்பாகப் போடுவது. எந்தச் சங்கடமும் கேட்ச்-22 ஆகாது. ஜோசப் ஹெல்லர் 1961இல் எழுதிய நாவலில், குண்டுவீச்சு விமானத்தில் பறக்கும் வீரர்களுக்கு ஒரு விதி. பைத்தியம் பிடித்தவனுக்குப் பறப்பதிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் அவனே வந்து கேட்க வேண்டும். கேட்டுவிட்டால், உயிருக்குப் பயப்படும் அளவுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம், போய்ப் பற. நாவலுக்கு முதலில் வைத்திருந்த எண் 18. அதே ஆண்டு லியோன் யூரிஸின் 'மிலா 18' வரவே எண்ணை மாற்றினார்கள். இதற்குத் தமிழ் தேடி நீங்கள் அலைய வேண்டாம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். நம் ஊர்ப் பெரியவர்களும் உதாரணத்துக்குப் பைத்தியத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

கடைசியாக சபோட்டாஜ். இதற்கு ஒரு கதை வாட்ஸப் குழுக்களில் சுற்றுகிறது. பிரெஞ்சுத் தொழிலாளர்கள் தங்கள் மரக்கட்டைச் செருப்பைக் கழற்றி மெஷினுக்குள் வீசினார்களாம், செருப்பின் பெயர் சபோ என்பதால் சபோட்டாஜ் வந்ததாம். செருப்பின் பெயர் சபோ என்பது சரி. மெஷினுக்குள் வீசியதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. பிரெஞ்சில் அந்த வினைச்சொல்லுக்குக் கட்டைச்செருப்போடு சத்தமாக நடப்பது, அதிலிருந்து வேலையை அலங்கோலமாகச் செய்வது என்றுதான் பொருள். வேண்டுமென்றே வேலையைக் கெடுப்பது என்ற அர்த்தத்தில் 1910 வாக்கில், பிரெஞ்சு ரயில்வே வேலைநிறுத்தச் செய்திகளோடு இங்கிலீஷுக்குள் வந்தது. உங்கள் நோட்டில் இதற்கும் 'தடை' என்றுதான் போட்டிருக்கும். பேனாவை எடுத்துப் பக்கத்தில் 'வேண்டுமென்றே' என்று எழுதிக்கொள்ளுங்கள். செருப்புக் கதையை யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் வாத்தியார்